குவாட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு எடுத்த லீவு: 47 வயதில் ஒன்பது மாத இடைவேளை – ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையில், தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கராக, அதாவது கொழுந்தைத் தேயிலையாக்கும் வேலைக்குப் பொறுப்பானவராக, இருந்த ஒருவர், நடுவயதில், யாரும் போகச் சொல்லாமல், தானாக விரும்பி ஒன்பது மாதம் வேலையிலிருந்து விலகி இருந்துவிட்டுத் திரும்பினார். கொழும்பில் ஒரு காரியாலயத்தில் இருப்பவர் இப்படிச் செய்தால் சம்பளக் கணக்கை மட்டும் பார்த்தால் போதும். தோட்டத்தில் அப்படியில்லை. இங்கே வேலையோடு குவாட்டர்ஸ் என்று வீடும் வருகிறது, வேலையோடு வீடும் போகிறது. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

நான் ஒரு தோட்டக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பாரம் நிரப்ப, சேவைக்காலப் பணம் கணக்குப் பார்க்க என்று ஆட்கள் வருவார்கள். இவரும் அப்படி வந்தவர்தான். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். தோட்டம், கம்பனி, ஆட்கள் யாருடைய பெயரும் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

1998ல், 22 வயதில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஜூனியர் டீமேக்கராகச் சேர்ந்தார். அப்பா அதே கம்பனியின் வேறொரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. இவர் படிப்படியாக ஏறி, பத்து வருடத்துக்கு மேலாக ஒரு ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், பொறுப்பு டீமேக்கர். மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. மூத்த மகள் அப்போது உயர்தரம், இளையவன் எட்டாம் ஆண்டு. அம்மாவும் கூடவே இருக்கிறார். ஸ்டோருக்கு மேலே ஐந்து நிமிட நடையில் குவாட்டர்ஸ்: நான்கு அறை, பின்னால் மரக்கறித் தோட்டம், ஒரு பசு, விறகு, தண்ணீர். வாடகை என்ற சொல்லே அந்த வீட்டில் கேட்டதில்லை.

டீமேக்கர் வேலையின் நேரக்கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் பறித்த கொழுந்து பின்னேரத்துக்குள் ஸ்டோருக்கு வந்து சேரும். அதை நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்றடித்து, 12 முதல் 18 மணித்தியாலம் வாட்டுவார்கள். கணக்குப் பார்த்தால் கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடத் தொடங்குவது பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான். வாட்டம் சரியா என்பதைக் கையால் பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டீமேக்கர். ஆகவே ஊர் தூங்கும்போது அவர் விழித்திருக்க வேண்டும். பகலில் தோட்ட மேனேஜரான துரையின் கேள்விக்கும், ஏல விற்பனைக்குப் பிறகு கொழும்பு புரோக்கரின் அறிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்படி 25 வருடம்.

கவனித்தவை: 2021, 2022

ஆள் திடீரென்று களைத்துப் போகவில்லை. 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் செடிக்கு அது போதவில்லை. நாடு முழுக்க 2021ல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022ல் 250 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. அதே வருடம் ரூபாவின் பெறுமதி விழுந்ததால் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபா விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கொழுந்து குறைவு, விலை அதிகம். ஸ்டோருக்குள் இதன் பொருள் ஒன்றுதான்: ஒரு கிலோவும் கெடக்கூடாது.

அப்புறம் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. அவர் சொன்ன ஓர் இரவு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இரண்டு மணிக்குக் காற்றாடிகள் நின்றுவிட்டன. தொட்டியில் கொழுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தால் அடியில் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. நாலு பேரை எழுப்பி, டோர்ச் வெளிச்சத்தில், விடியும்வரை கையாலேயே கொழுந்தைப் புரட்டிப் போட்டார்கள். காலையில் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு பௌசர் வரும் வரிசைக்கு அவரே போனார். அந்த வாரத் தேயிலை ஏலத்தில் மோசமாகப் போகவில்லை. அதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

வருடக் கடைசியில் வெறும் வயிற்றில் பார்த்த சீனி 190ஐத் தாண்டியிருந்தது. பிரஷரும் இருந்தது. இரவு வேலை நீண்டகாலம் தொடர்ந்தால் சீனி வியாதிக்கான வாய்ப்பு கூடும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். கிளினிக்கில் டொக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அவரை என்னிடம் கூட்டிவந்தது சீனி அல்ல. ஸ்டோரில் ஒரு பையனை, சின்ன விஷயத்துக்கு, எல்லாருக்கும் முன்னால் மிக மோசமாக ஏசிவிட்டார். பையன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். "அண்ணே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. எனக்கே என்னைப் பார்க்க ஒரு மாதிரியா இருக்கு" என்றார். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பைக்குள் இருந்தது.

மூன்று வழிகள்

முதல் வழி ராஜினாமா. அதில் அவருக்கு ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணமாக வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 25 வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதச் சம்பளம் கையில் வரும். "ஒரு வருசம் உக்காந்து சாப்பிடலாம் தானே?" என்று கேட்டார். சாப்பிடலாம். ஆனால் அந்தக் கணக்கு கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துப் போடப்படுவது. 2021ல் வந்த சட்டத்தின்படி தனியார் துறையில் ஓய்வு வயது 60. அதுவரை இருந்தால் 38 வருடம், அதுவும் அன்றைய சம்பளத்தில். 47ல் எடுத்துச் சாப்பிட்டால், 60ல் வாசலை விட்டு இறங்கும்போது கையில் இருக்க வேண்டிய பெரிய தொகை இல்லாமல் போகும். ஈ.பி.எஃப் காசை ஆண்கள் 55 வயதுக்கு முன் சாதாரணமாக எடுக்க முடியாது. வேலையை விட்டால் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) மட்டும் எடுக்கலாம், அது சின்னத் தொகை.

இன்னொரு யோசனையும் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் சந்தா கட்டியவர்கள் ஈ.பி.எஃப்பில் 30 சதவீதம் முன்கூட்டியே எடுக்கலாமே, அதை வைத்துக் காலத்தை ஓட்டினால் என்ன? அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் கொடுப்பது. அரிசி வாங்கக் கொடுப்பதில்லை. அந்தக் காசைத் தொடாமல் வைக்கச் சொன்னேன். பிறகு அது வேறு விதத்தில் உதவியது.

இரண்டாவது வழி மெடிக்கல் லீவு. டொக்டர் எழுதித் தரத் தயார். இவர்தான் மறுத்தார். இரவு வேலைக்கு உடம்பு லாயக்கில்லை என்று ஒரு கடிதம் ஃபைலுக்குள் போய்விட்டால், டீமேக்கராகத் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயம். பாதி நியாயமான பயம்தான். மற்றப் பாதி, சீக்காளி என்று பெயர் எடுக்கக் கூடாது என்ற ரோஷம்.

மூன்றாவது, சம்பளமில்லாத லீவு. அரசாங்க ஊழியருக்கு 2022 ஜூனில் வந்த சுற்றறிக்கை ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவுக்கு வழி விட்டது. மனைவியின் பாடசாலையில் அதைப் பாவித்து வெளிநாடு போனவர்கள் இருந்தார்கள். வீட்டில் இந்தப் பேச்சு வந்ததே அதைப் பார்த்துத்தான். தோட்டக் கம்பனிக்கு அப்படி ஒரு சுற்றறிக்கை கிடையாது. துரையும் தலைமைக் காரியாலயமும் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இருந்தும் அதையே கேட்பது என்று முடிவானது. சேவை முறியக்கூடாது என்பது ஒரு காரணம். மனைவி சொன்னது இன்னொரு காரணம்: "என்னங்க, நீங்க திரும்பிப் போக ஒரு இடம் இருந்தாத்தான் உங்களுக்கு நித்திரையே வரும்." ஆளைத் தெரிந்தவர் சொன்ன பேச்சு.

துரையோடு பேச்சும் கடிதமும்

எப்போது கேட்பது என்பதில் அவர் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் பக்கத்துத் தேயிலைக்குத் தரமான காலம், நல்ல விலை போகும். ஏப்ரல், மே மழைக்குப் பிறகு கொழுந்து குவியும், ஸ்டோர் மூச்சுவிடாமல் ஓடும். இந்த இரண்டு காலத்திலும் லீவு என்று வாயைத் திறந்தால் நடக்காது. பெப்ரவரியிலேயே விஷயத்தைச் சொல்லி, லீவை ஜூனில் கேட்டார். இடையில் உள்ள மாதங்களில் உதவி டீமேக்கரை முழுப் பொறுப்புக்குத் தயார் பண்ணித் தருவதாக எழுத்தில் கொடுத்தார்.

துரை முதலில் நம்பவில்லை. "டீமேக்கர், வேற கம்பனியில எடுத்திருக்காங்களா? உண்மையைச் சொல்லுங்க." இல்லை சேர் என்றார். "அப்ப வெளிநாடா?" அதுவும் இல்லை. சும்மா இருக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்ப முடியாத இடம் தோட்டம். தலைமைக் காரியாலயத்தின் கவலை வேறு: ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். ஒரு வருடம் கேட்டார், ஆறு மாதம் கொடுத்தார்கள். தேவைப்பட்டால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பது பற்றிப் பார்க்கலாம் என்றார்கள்.

வாய்ச்சொல்லில் போகாமல் கடிதமாக வாங்கச் சொன்னேன், வாங்கினார். அங்கீகரிக்கப்பட்ட லீவு, சேவை தொடர்ச்சியாகவே கணக்கிடப்படும் என்று முதல் பந்தியில் இருந்தது. திரும்பும்போது அதே தரம், அதே அடிப்படைச் சம்பளம் என்று அடுத்ததில் இருந்தது. லீவு மாதங்களுக்கு ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் கட்டப்படாது. கடைசி வரி: பதில் டீமேக்கருக்குத் தேவைப்படுவதால் குவாட்டர்ஸை ஒரு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியில்தான் வீட்டில் சண்டை வந்தது. அம்மா அழுதுவிட்டார். "வேலையையும் விட்டுட்டு, ஊடும் இல்லாம நடுத்தெருவுல நிக்கப் போறியா?" வேலையை விடவில்லை அம்மா என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டம் கொடுத்த கூரையின் கீழேயே எழுபது வயது தாண்டியவருக்கு, வேலை வேறு வீடு வேறு என்று எப்படி விளங்கும்?

வீட்டுக் கணக்கு

மே மாதம் முழுக்க இந்தக் கணக்குத்தான். ஹட்டன் டவுனுக்கு வெளியே இரண்டு அறை அனெக்ஸ், மாதம் 22,000 ரூபா, மூன்று மாத அட்வான்ஸ். விறகு இல்லை, கேஸ் சிலிண்டர் 3,000 ரூபாவை ஒட்டி. மின்கட்டணம் அந்த வருடம் பெப்ரவரியில்தான் 66 சதவீதம் ஏறியிருந்தது. மரக்கறியும் பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். எல்லாம் சேர்த்து மாதம் 95,000 வரும் என்று போட்டோம். மனைவியின் கையில் வரும் சம்பளம் 48,000. ஜனவரியில் 12 இலட்சத்தை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டிருந்தார்கள். அப்போது 20 சதவீதம் வட்டி, மாதம் 20,000. 5 சதவீத வரி பிடித்து 19,000 வந்தது. மிச்சம் 28,000 துண்டு விழும். அதற்குச் சேமிப்புப் புத்தகத்தில் ஆறு இலட்சம் ஒதுக்கி, அதற்கு மேல் தொடுவதில்லை என்று புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டார்கள்.

பசுவை லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பங்குக்கு வளர்க்க விட்டார். தளபாடத்தில் பாதியை வைக்க ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓர் அறை கேட்டார், துரை கொடுத்தார். ஜூன் கடைசியில் லொறி ஏறினார்கள்.

முதல் மாதங்கள்

எல்லாரும் எதிர்பார்த்தது நல்ல நித்திரை. வரவில்லை. இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து ஜன்னலைத் திறந்து, காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பார். இந்த ஈரத்துக்கு வாட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். பதில் டீமேக்கருக்கு போன் பண்ணுவார். சில நாட்களில் அந்தப் பையன் எடுக்கவில்லை. நல்ல காரியம் செய்தான் என்பேன். மனைவி ஒருநாள் போனை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நித்திரை ஒழுங்குக்கு வர இரண்டு மாதம் பிடித்தது.

அனெக்ஸுக்கு வந்த முதல் வாரம் ஒரு சங்கதி. தேயிலை முடிந்துவிட்டது. 25 வருடத்தில் அவர் தேயிலையைக் கடையில் வாங்கியதே கிடையாது, மாதாமாதம் தோட்டத்தில் கொடுப்பார்கள். கடையில் 200 கிராம் பக்கெட் ஒன்றை வாங்கி, வாசலிலேயே பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, விரலால் பரப்பிப் பார்த்தார். பி.ஓ.பி.எஃப் என்று தேயிலை ரகத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது, உள்ளே பாதி டஸ்ட் என்ற தூள், நார் வேறு. கடைக்காரரிடம் தர்க்கம். கடைக்காரர் அமைதியாக, "ஐயா, இந்த டவுன்ல எல்லாரும் இதத்தான் குடிக்கிறாங்க" என்றாராம். மலையில் நல்லதைச் செய்து கப்பலேற்றிவிட்டு, மிச்சத்தை நாம் குடிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. காசு கொடுத்து வாங்கும்போதுதான் அது உறைத்தது.

ஊர்ப்பேச்சு அதைவிடக் கஷ்டம். தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் வேலைக்குப் போகாமல் டவுனில் நடமாடினால் அதற்கு ஒரே அர்த்தம்: கணக்கில் கைவைத்து மாட்டிக்கொண்டார். "இன்குவாயரியாமே?" என்று மனைவியிடம் பாடசாலையில் கேட்டிருக்கிறார்கள். கோயில் திருவிழாக் கமிட்டியில் அவர் பொருளாளர். அந்த வருடக் கூட்டத்துக்கு அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு மனைவியோடு பேசி ஒரே வசனத்துக்கு வந்தார்: "கம்பனியில் லீவு எடுத்திருக்கிறேன், மார்ச்சுக்குள் திரும்பிப் போவேன்." உடம்பு, மனது, களைப்பு எதையும் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகு பேச்சு மெல்ல அடங்கியது. கோயில் கமிட்டியில் மட்டும் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

நடு மாதங்கள்

2023, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 வருடம். ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 மாத்தளைக்கு வந்தது. கடைசிப் பகுதியில் இவரும் போய்ச் சேர்ந்து மாத்தளை வரை நடந்தார். கால் கொப்புளித்து வந்தது. யாரிடமும் லீவு கேட்காமல் எங்கேயாவது போனது அதுதான் முதல் தடவை என்றார். அதற்குப் பிறகு தினமும் காலையில் நடக்கத் தொடங்கினார். மாத்திரையோடு அதுவும் சேர்ந்து நவம்பரில் சீனி 130க்கு வந்தது.

செப்டெம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்தியா போனார். அம்மாவின் அக்கா, 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ், 1974ல் குடும்பத்தோடு அனுப்பப்பட்டவர். ஒப்பாரிக் கோச்சி என்று நம்மவர்கள் சொல்லும் ரயிலில் ஹட்டனில் ஏற்றிவிட்டதுதான் கடைசி. கடிதம் இருந்தது, பிறகு போன் இருந்தது, நேரில் பார்க்கவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி, அங்கிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர், ஊட்டி, கூடலூர். இரண்டு வாரம். செலவு இரண்டு இலட்சத்து இருபதாயிரம். பட்ஜெட்டில் போட்டதைவிடக் கூடத்தான். வருடத்துக்கு 14 நாள் லீவு உள்ள ஒருவரால், அதுவும் சீசன் பார்த்து எடுக்க வேண்டியவரால், இந்தப் பயணம் நடந்திருக்காது.

பெரியம்மாவின் குடும்பம் டான்டீயில், அதாவது இலங்கையிலிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்க என்றே வளர்ந்த தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை செய்தது. அங்கே அண்ணன் முறையான ஒருவர் ஓய்வு பெற்றிருந்தார். லைன் வீட்டை விடச் சொல்வார்கள், எங்கே போவது என்பதுதான் அந்த வீட்டில் ராத்திரிப் பேச்சு. கடல் தாண்டியும் அதே கதை. திரும்பி வந்து என்னைப் பார்க்க வந்தபோது இவர் இந்தியாவைப் பற்றிக் கொஞ்சமும், அந்த வீட்டைப் பற்றி நிறையவும் பேசினார். "அண்ணே, அறுபதுல நமக்கும் அதானே?"

இந்த நிகழ்வில் முக்கியமான இடம் என்று நான் கருதுவது இதைத்தான். தோட்ட உத்தியோகத்தர்களில் பலர் 60 வயது வரை குவாட்டர்ஸிலேயே இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் வீடு தேடத் தொடங்குகிறார்கள். சேவைக்காலப் பணம் அட்வான்ஸுக்கும் பிள்ளையின் கலியாணத்துக்கும் கரைந்துவிடும். இந்தக் குடும்பம் அதற்கு 13 வருடம் முன்னதாகவே ஓர் ஒத்திகை பார்த்துவிட்டது. குவாட்டர்ஸ் இல்லாமல் மாதம் எவ்வளவு ஆகும் என்று கையில் எழுதிய கணக்கு இருந்தது. அம்மா நடுத்தெருவில் நிற்கவில்லை. அனெக்ஸ்கார வீட்டம்மாவோடு சேர்ந்து வடகம் போட்டுக்கொண்டிருந்தார்.

நீட்டிப்பும் கடைசி மாதங்களும்

நவம்பரில் முதல் ஆறு மாதம் முடியும்போது நீட்டிப்புக் கேட்டார். உடம்புக்காக என்றுதான் கடிதத்தில் எழுதினார். ஆனால் மகளின் பரீட்சையும் ஒரு காரணம். 2023க்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரி 4ஆம் திகதி தொடங்கியது. டவுனில் இருந்ததால் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை, வகுப்புக்கும் நடந்தே போனாள். இது யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல, தானாக வந்த நன்மை.

காசுப் பக்கம் கடைசியில் இறுகியது. ஜனவரியில் வைப்பு முதிர்ந்தபோது வட்டி 9 சதவீதம்தான். மாதம் 19,000 வந்த இடத்தில் எட்டாயிரத்துச் சொச்சம். அதே மாதம் வற் வரி 18 சதவீதமானது. பெப்ரவரி முடியும்போது ஆறு இலட்சத்தில் ஐம்பதாயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியது. வைப்பில் கைவைக்கவில்லை, கடன் வாங்கவில்லை. ஆனால் இன்னும் இரண்டு மாதம் நீண்டிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

திரும்புதல்

மார்ச் முதலாம் திகதி திரும்பப் போனார். கடிதத்தில் அதே தரம், அதே சம்பளம் என்று இருந்தது. அதே ஸ்டோர் என்று இல்லை. பழைய ஸ்டோரைப் பதில் டீமேக்கர் நன்றாக நடத்திக்கொண்டிருந்தார், அவரை இறக்கக் கம்பனிக்கு மனமில்லை. இவரை மஸ்கெலியாப் பக்கம் ஒரு சின்ன ஸ்டோருக்குப் போட்டார்கள். கோபம் வந்தது. தொழிற்சங்கத்துக்குப் போகலாமா என்று கேட்டார். கடிதத்தை மறுபடி வாசித்துக் காட்டினேன், அதில் பிடித்துக்கொள்ள இடமில்லை. பையனைத் தயார் பண்ணியது இவர்தானே என்ற கசப்பு கொஞ்சக் காலம் இருந்தது. அந்தப் பையன், 2022ல் இவரிடம் ஏச்சு வாங்கியவனல்ல. ஆனால் ஏச்சு வாங்கியவனும் அதே ஸ்டோரில்தான் இருந்தான். தளபாடம் எடுக்கப் போனபோது அவனைப் பார்த்துப் பேசினாராம். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

கோபத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடவில்லை; ஒன்றைக் கேட்டு வாங்கினார்: இரவு வேலை ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் உதவியாளருக்கு. சின்ன ஸ்டோர், கொழுந்தும் குறைவு, துரை ஒத்துக்கொண்டார். பழைய ஸ்டோராக இருந்தால் இதற்கு அவரே சம்மதித்திருக்க மாட்டார். தன் கை படாமல் அங்கே ரோலர் ஓடக்கூடாது என்று நினைத்த ஆள்.

விளைவு

ஒரு வருடத்துக்குப் பிறகு பார்த்தபோது நிலை இது. சீனி 140ஐ ஒட்டி நிற்கிறது, மாத்திரை தொடர்கிறது. குடும்பம் ஹட்டன் அனெக்ஸில், இவர் புதிய தோட்டத்துச் சின்ன குவாட்டர்ஸில், வார இறுதியில்தான் வீடு. மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவும் இல்லை: "லீவு எடுத்தது சேர்ந்து இருக்க. இப்ப ஆளுக்கொரு மூலை." ஒன்பது மாத ஈ.பி.எஃப் விடுபட்டது. தொழிலாளியின் 8, கம்பனியின் 12, ஆக மாதச் சம்பளத்தில் 20 சதவீதம். ஒன்பது மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம், அதன்மேல் வரவேண்டிய வட்டி வேறு.

மறுபக்கம், கொட்டகலையில் மனைவிக்குத் தாய்வழியில் வந்த பத்துப் பேர்ச்சஸ் காணி சும்மா கிடந்தது. அதில் வீடு கட்ட, முன்பு தொடாமல் வைத்த அந்த 30 சதவீதத்துக்கு விண்ணப்பித்து, காசும் வந்துவிட்டது. அத்திவாரம் போட்டு, சுவர் லின்டல் மட்டத்துக்கு எழும்பியிருக்கிறது. லீவு எடுக்காமல் இருந்திருந்தால் இந்த வீடு 60 வயதுக்கு முன் தொடங்கியிருக்காது என்று இருவருமே சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மறுபடி என்றால் எதை மாற்றுவார்கள்

அவரிடமும் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் முதலில் சொன்னது கடிதம்: திரும்பும் ஸ்டோரின் பெயரும் அதில் இருக்க வேண்டும், முடியாவிட்டால் ஹட்டனிலிருந்து இத்தனை மைலுக்குள் என்றாவது. கம்பனி அப்படி எழுதித் தருமா என்பது வேறு கேள்வி. தராவிட்டால் அதுவும் ஒரு பதில்தானே, போகும் முன்னரே தெரிந்துவிடும்.

வைப்பை ஒரே வருடத்துக்குப் போட்டதை மனைவி குறை சொன்னார். வட்டி உச்சத்தில் நிற்கும்போது, லீவு முடியும் மாதத்தையும் தாண்டி முதிரும்படி, பாதியையாவது இரண்டு வருடத்துக்குப் போட்டிருக்கலாம். வட்டி இவ்வளவு சீக்கிரம் விழும் என்று 2023 ஜனவரியில் அனேகமாக யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் சொன்ன இன்னொன்று, தோட்டத்து ஆட்களிடம் தானே நேரில் சொல்லாமல் போனது. துரையிடமும் காரியாலயத்திலும் சொன்னவர், ஸ்டோரில் வேலை செய்யும் ஆட்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் ஐயா வரவில்லை, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். இன்குவாயரிக் கதை அங்கேதான் பிறந்தது.

முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதது பிழை என்கிறார் அவர். இல்லை என்கிறார் மனைவி: அந்த இரண்டு மாதம் அப்படிக் கிடக்காவிட்டால் மாத்தளை வரை நடந்திருக்க மாட்டார். இதில் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இவரைப் பார்த்துவிட்டு, நுவரெலியாப் பக்கத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர், 45 வயது, போன மாதம் வந்தார். அவருக்கும் ஆறு மாதம் வேண்டுமாம். மனைவிக்கு வேலை இல்லை, சொந்தக் காணியும் இல்லை. முதலில் குவாட்டர்ஸை வைத்துக்கொள்ள விடுவார்களா என்று எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கம்பனியிலிருந்து பதில் வந்த பிறகுதான் மற்றக் கணக்கைத் தொடங்குவதாகப் பேச்சு.